சவுண்டு எப்டிக் கீதுண்ணே?

கம்ப்யூட்டர் கடையில் படம் காட்டுவது சுலபம். சத்தம் காட்டுவதுதான் பேஜாரு. ஸ்கிரீன் நல்லாயிருக்கா என்று கேட்டால் ரெண்டு கண்ணும் ஒரே பதில் சொல்லும். சவுண்டு நல்லாயிருக்கா என்று கேட்டால் காதுக்கு ஒரு கட்சி. டெமோ காட்டியே தொண்டை காய்ந்த தோஸ்துகளே, உங்களுக்குத் தெரியாததா?

ராயபுரத்தில் பாஸ்கர் அண்ணன் கடை. பிளஸ் டூ முடித்துவிட்டு காலேஜ் திறக்கும்வரை அங்கே எனக்கு வேலை. புது கம்ப்யூட்டர் வந்தால் ஸ்பீக்கர், மைக் எல்லாம் சரிபார்த்து கஸ்டமருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். யார் குரலைக் கேட்டாலும் எனக்கு ஒட்டிக்கொள்ளும். அது ஒரு வியாதி. ஒருநாள் அண்ணனின் மூக்கடைத்த கட்டைக் குரலில் டீக்கடைக்கு போன் போட்டு, "நம்ம பசங்களுக்கு பஜ்ஜி அனுப்பு" என்றேன். பஜ்ஜி வந்தது. பின்னாலேயே அண்ணனும் வந்தார்.

"இன்னொரு தபா என் கொரல்ல பேசுனே, வேல காலி. அந்த மைக்கையும் மறந்துடு!"

வேலை போனால் போகட்டும். மைக்? எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கடை சாத்துகிற நேரத்தில் அந்த மைக்கில் ஊர்க் குரலையெல்லாம் பேசிப் பதிவு செய்யத்தான் நான் அங்கே குப்பை கொட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டேன்.

கை வைத்துக் கேட்டவர்

காசிமேட்டு மீன்பிடி போட்டு ஓட்டுகிற டிரைவர் ஒருத்தர் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்தார். இன்ஜின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர். பாட்டு போட்டேன், காதைக் கொடுக்காமல் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார். கடலில் இன்ஜின் ஒழுங்காக ஓடுதா என்று பார்ப்பதும் பலகையில் கை வைத்துத்தானாம். "காதுல கேக்கறதெல்லாம் பொய் நைனா. கையில அதிரணும்."

சவுண்டை ஏற்றினேன். கண்ணை மூடினார். இன்னும் ஏற்றினேன். பேனா ஸ்டாண்டு தானாக நடந்துபோய்க் கீழே குதித்தது. பக்கத்து மொபைல் கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். டிரைவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "சூப்பரா கீதுப்பா!" நான் பில் புக்கை எடுத்தேன். அவர் மேஜையைத் தடவிக்கொடுத்தபடி கேட்டார்: "இந்த மேஜ இன்னா வெல?"

அக்காவைக் கேட்காத மைக்

அடுத்து வந்தவர் மீன் ஏலம் விடுகிற அக்கா. மகன் ஆன்லைனில் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறானாம், மைக் நன்றாக இருக்க வேண்டும். வெளிச்சத்தத்தைத் தானே அழித்துவிடும் வசதி அந்த மாடலில் உண்டு. நான் அளந்துவிட்டேன்: "எண்ணூர் ரோட்டு கண்டெய்னர் லாரியே போனாலும் உள்ள வராதுக்கா. மனுசன் கொரல் மட்டுந்தான்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "ஏய், வஞ்சிரம் பாரு, வஞ்சிரம்! கேக்கறவன் வாயத் தொறந்து கேளு!" தெருவே திரும்பியது. ஒரு ஆட்டோ பிரேக் போட்டு நின்றது. பதிவைப் போட்டேன். மயான அமைதி. நடுவில் என் குரல் மட்டும், நான் முணுமுணுத்த "ஐயோ", பளிச்சென்று கேட்டது. அக்காவை அது லாரி கணக்கில் சேர்த்துவிட்டது!

அக்கா சிரிசிரியென்று சிரித்துவிட்டு எழுந்தார். "எங்கூட்டுக்காரு மாதிரியே கீதுடா. நான் பேசுனா மட்டும் காதுல வுழாது."

திரைக்குப் பின்னால்

ரெண்டு வியாபாரம் போன கடுப்பில் அண்ணன் என்னை முறைத்துக்கொண்டிருந்தபோது, சர்ச் பாட்டுக் குழுவின் கொயர் மாஸ்டர் ஒருவர் வந்தார். கொயருக்கு ஆள் எடுப்பதே திரைக்குப் பின்னால் நின்று கேட்டுத்தானாம். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்றார். கம்ப்யூட்டருக்கும் அதே பரீட்சை. "பாஸ்கர், உங்க குரலைப் பதிவு பண்ணுங்க. அப்புறம் நீங்க நேர்ல ஒரு தடவை, கம்ப்யூட்டர் ஒரு தடவை. எது முதல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. எது எதுன்னு எனக்குத் தெரியலேன்னா வாங்கிக்கறேன்." சொல்லிவிட்டுக் குடோன் திரையைக் காட்டினார்.

அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை அண்ணன் படித்துப் பதிவு செய்ததும், மாஸ்டர் திரைக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு அண்ணன் நேரிலும் அதையே படித்தார்: "வாரண்டி ஒரு வருசம், ஸ்பீக்கருக்குக் கெடையாது." நான் மவுஸைத் தொட்டேன், கரண்ட் போய்விட்டது. கடை யூபிஎஸ் எப்போதோ செத்துப்போனது. உள்ளிருந்து குரல்: "ம், அடுத்தது பேசட்டும்!"

அண்ணன் இருண்ட ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி, என்னைக் காட்டி, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வேலை காலி என்ற அதே ஆள்! மூக்கை அடைத்துக்கொண்டேன். "வாரண்டி ஒரு வருசம், ஸ்பீக்கருக்குக் கெடையாது." கடைசியில் அண்ணனின் இருமலையும் இலவசமாகச் சேர்த்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. "முதல்ல பேசினது கம்ப்யூட்டர். ரெண்டாவதுதான் பாஸ்கர்."

அண்ணன் முகம் அஷ்டகோணலாகியது. வேர்த்து வழிய வெளியே வந்த மாஸ்டர் நின்றுபோன ஃபேனைப் பார்த்தார், இருண்ட ஸ்கிரீனைப் பார்த்தார், இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "கம்ப்யூட்டர் கிடக்கட்டும், இவனை என்கூட அனுப்புங்க. கொயர்ல நாலு பேர் வேலையை ஒருத்தனே பார்ப்பான்."

போச்சுடா, வேலை காலி என்று நினைத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது விக்கறதுக்கு இல்ல சார்."

மைக் இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. அண்ணன்தான் பாவம், அவரே டீக்கடைக்கு போன் போட்டு பஜ்ஜி கேட்டால்கூட, "டேய், போன வைடா" என்கிறார்கள்.