தண்ணீர் குடித்த அங்கிகள்

மன்னார்க் கரையில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் கடலுக்குப் போகிற ஆண்களிடம் உயிர்காப்பு அங்கி போடச் சொன்னால் சிரிப்பார்கள். "நாங்கள் என்ன சுற்றுலாவுக்கோ போறம்?" என்று கேட்பார்கள். என் தங்கையின் புருஷனும் அந்த ரகம்தான். காற்றுக் காலம் முடிந்து படகுகள் மறுபடி இறங்கும் நாள் நெருங்கியபோது, அங்கி இல்லாமல் கால் வைக்க விடமாட்டேன் என்று தங்கை நின்றுவிட்டாள். மச்சானுக்கும் அவனோடு தொழிலுக்குப் போகும் அவன் தம்பிக்கும் இணையத்தில் இரண்டு பார்த்து வைத்துக்கொண்டு, என் கடன் அட்டையைக் கேட்டு வந்தாள். அட்டையில் போகாமல் நேரே தன் கணக்கில் காசைப் போட்டால் விலையைக் குறைப்பதாக விற்கிறவன் சொல்லியிருந்தான்.

"குறைச்சுத் தாறன் எண்டா போட்டுவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"கணக்கில போட்டாப் போனது போனதுதான் அண்ணா. அட்டையில எண்டா, பிழைச்சுப் போனாலும் போய்க் கேக்க ஒரு இடம் இருக்கு."

கருவாடு விற்ற காசில் மாதாமாதம் திருப்பித் தருவேன் என்றாள். தராவிட்டாலும் நான் கேட்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பொதி வந்தது. எங்கள் ஊரில் புது வலையோ புது எஞ்சினோ, கோயில் சுவாமி செபம் சொல்லி மந்திரிக்கும் முன் தண்ணீரில் நனையக் கூடாது. அதனால் இரண்டு அங்கிகளும் சோதித்துப் பார்க்காமலே ஞாயிறு பூசை முடிந்ததும் மந்திரிக்கப்பட்டன. செம்மஞ்சள் நிறத்தில் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் தங்கை ஒன்றைக் கையில் எடுத்து, தலையணையை அமுக்குவதுபோல அமுக்கினாள். உள்ளே வெறும் பஞ்சாக அமுங்கியது; அவள் முகம் மாறியது. அதைக் கொண்டுபோய்க் கிணற்றடித் தொட்டியில் போட்டாள்.

"சுவாமி மந்திரிச்சதையே சோதிச்சுப் பாக்கிறாள். இவளுக்கு விசுவாசம் போதாது மச்சான்," என்று அவள் புருஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அங்கி தண்ணீரைக் குடித்து, மெல்லச் சரிந்து, தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு கடலில் விழுந்திருந்தால், வெறும் உடம்போடு நீந்துகிறவனைவிட இவன் சீக்கிரம் போயிருப்பான். மச்சானின் சிரிப்பும் நின்றது. தங்கை மட்டும் பதறவில்லை. மற்ற அங்கியையும் எடுத்து வந்து தொட்டியில் போட்டு, அது தாழும்வரை தொலைபேசியில் காணொளி எடுத்தாள்.

விற்கிறவனுக்கு எழுதினாள், பதிலே இல்லை. அட்டை என் பெயரில் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். 'கடலுக்கு உகந்தது' என்று போட்டிருந்த பக்கத்தின் படம், அவனோடு பேசிய செய்திகள், காணொளி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பொருளையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். சிக்கல் அங்கேதான் வந்தது. மந்திரித்த பொருளை எப்படித் திருப்பி அனுப்புவது? அறுந்த செபமாலையைக்கூட எரிப்போமே தவிர வீசமாட்டோம். பாவம் வந்து சேரும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றான். அவள் நேரே சுவாமியிடம் போனாள். என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று நானும் கூடப் போனேன்.

"நான் மந்திரிச்சது கடலுக்குப் போற பெடியளை, பிள்ளை; அந்தப் பஞ்சை இல்லை. நீங்கள் அனுப்புங்கோ," என்றார் அவர்.

பொதியை அனுப்பிவிட்டு, அந்தப் பொருளின் பக்கத்திலேயே காணொளியையும் போட்டாள். அதுவரை செத்துக்கிடந்த விற்பனைக்காரனுக்கு உடனே உயிர் வந்தது. காணொளியை அழித்து, வங்கி முறைப்பாட்டையும் மீளப் பெற்றால், முழுக் காசோடு மேலதிகமாகவும் அன்றைக்கே தருவதாக எழுதினான். வங்கி முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஊரெல்லாம் தொழிலுக்குப் போய்விடும்.

"வாங்கிக்கொண்டு விடு பிள்ளை. நல்லதா ரெண்டு எடுப்பம்," என்று சினந்தேன்.

"நாங்களே முறைப்பாட்டைத் திருப்பி எடுத்திட்டா, பிறகு அவன் தராட்டிலும் போய்க் கேக்கேலாது. அதை விடுங்கோ. இந்தக் காணொளியை அழிச்சா, அடுத்தது ஆர் அண்ணா இதைப் போட்டுக்கொண்டு இறங்கிறது?"

மற்றப் படகுகள் போய்வர, மச்சான் கரையில் இருந்து கிழிந்த வலைகளைப் பொத்தினான். "என்னையும் காயவச்சுக் கருவாடாக்கப் போறாள்," என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முறையிட்டான். வீட்டில் கையிருப்பும் இறங்கிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை. இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் பிறந்தாளே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஒருவழியாக வங்கி காசைத் திருப்பிப் போட்டது. மன்னார் ரவுணில் ஒரு கடையில் தொட்டுப் பார்த்து இரண்டு அங்கிகள் வாங்கினாள். இந்த முறை முதலில் தொட்டி, பிறகுதான் சுவாமி. தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தது மச்சான்தான்.

படகு இறங்கிய அன்று நான் அவளோடு கரையில் நின்றேன். அந்தக் காணொளியின் கீழே யாரோ எழுதியிருப்பதாகத் தொலைபேசி சத்தம் போட்டது. வாசித்தவள் என்னிடம் நீட்டினாள். கொண்டச்சிக் கரையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"எங்கட வீட்டிலயும் இதேதான் இருந்தது. வாளியில போட்டுப் பாத்தன், அடியில தாண்டு போச்சு. இவர் கடலுக்கு வெளிக்கிட்டு நிண்டவர், மறிச்சுப்போட்டன். அல்லாஹ் உங்களை நல்லா வைக்கட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை தொலைபேசியை என் கையிலிருந்து பிடுங்கி, சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதத் தொடங்கினாள்: "உங்கட கரையில வேற ஆரும் வாங்கினவையோ? இப்பவே போய்க் கேளுங்கோ."