அவர் வண்டி நின்றால்தான் இவர் வண்டி ஓடும்

சீமைக் கார் மெக்கானிக் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பானர் பெட்டியை அல்ல, பேப்பரில் வரும் இரங்கல் விளம்பரங்களை. யார் போய்ச் சேர்ந்தார், அவர் வீட்டு ஷெட்டில் என்ன வண்டி நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்கள் பிழைப்பு ஓடும்.

எழுபதுகளில் சீமைக் கார் வைத்திருந்து சீரழிந்த பெருமக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தப்பிப் பிழைத்த மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வண்டியும் இறக்க முடியாது, அதற்கு வேண்டிய சாமானும் இறக்க முடியாது. எப்படியோ ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட வண்டிகள்தான் ஊருக்குள் ஓடின. ஒன்று செத்தால்தான் இன்னொன்றுக்குச் சாமான். மதுரை தெற்கு வெளி வீதிக்குப் பின்னால் ‘சோலை மெக்கானிக்’ என்று பட்டறை போட்டிருந்த நான், அந்தக் காலத்தில் தின்ற கல்யாணச் சாப்பாட்டைவிடக் இழவு வீட்டில் போய்க் கேட்ட கேதம்தான் அதிகம்.

மாலையும் கையுமாக

சொக்கிகுளத்தில் ஒரு வக்கீல் இறந்துபோனார். அவருடைய இங்கிலீஷ் வண்டியின் கார்புரேட்டருக்கு என் பட்டறையில் ஒருத்தர் மாசக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார். ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னாலேயே ரெண்டு மெக்கானிக்குகளும், அதே வண்டி வைத்திருக்கும் ஒரு நகைக்கடைக்காரரும் மாலையும் கையுமாக நின்றார்கள். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மாலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருத்தராக வீட்டுக்குப் பின்னால் நழுவினோம். நகைக்கடைக்காரர் வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வாசலில் இன்னும் பாடையே கட்டி முடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பின்கட்டு ஜன்னலில் வக்கீல் சம்சாரம், அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் நின்ற தன் அண்ணனிடம்தான் கேட்டது:

“ஏண்ணே, இவுங்கல்லாம் அவருக்கு ஒறவா, காருக்கு ஒறவா?”

ஒரே அச்சில் ரெண்டு

எஸ்தர் டாக்டரம்மா சமயநல்லூரில் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டு சிக்கலாகிவிட்டால் ஆள் வந்து கூப்பிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தானே ஓட்டிப் போவார். அவருடைய வெள்ளை நிற ஜெர்மன் வண்டி, சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் கொடுத்துவிட்டுப் போனது. ஏன், நம்ம ஊர் கார் ஒன்று வாங்கக் கூடாதா என்பீர்கள். பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிரசவ வலி அம்புட்டு நாள் பொறுக்காது.

அதே வண்டி, அதே அச்சு, பச்சை நிறத்தில் ஒன்று, அதே ரோட்டில் கொஞ்சம் தள்ளி ரைஸ்மில் பெரியசாமி அண்ணனிடம் இருந்தது. டில்லியில் தூதரகக்காரர்கள் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ரெண்டு வருஷம் ராஜா மாதிரி ஓட்டினார். ஒரு கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி இஞ்சின் வெடித்துவிட்டது. மற்றதெல்லாம் புத்தம் புதுசு. டாக்டரம்மா வண்டியிலோ இஞ்சின் கல்லு மாதிரி இருந்தது. பின் சக்கரத்தைச் சுற்றவைக்கும் கிரவுன் பினியன் பல் தேய்ந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. ஆக, அவருக்கு இஞ்சின் வேண்டும், இவருக்குப் பினியன் வேண்டும். மூன்றாவதாக அந்த வண்டி நம்ம ஜில்லாவிலேயே கிடையாது. இதை நான் பெரியசாமி அண்ணனிடம் சொன்னபோது, மனுஷன் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்:

“அந்தம்மாவுக்கும் வயசாகுதுல்ல மாப்ள. வைத்தியத்த விட்டுட்டு ஊரு போய்ச் சேரட்டும், அந்த இஞ்சின் எனக்குத்தான். நான் பொறுத்திருக்கேன்.”

இல்லை என்று எழுதித் தா

டாக்டரம்மா முறைப்படி போகிற ஆள். ஒரே ஒரு பினியன் இறக்க அனுமதி கேட்டு டில்லிக்கு மனுப் போட்டார். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. இந்தச் சாமான் நம் நாட்டில் தயாராவதில்லை என்று தகுந்த அதிகாரியிடம் சான்று வாங்கி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். தகுந்த அதிகாரி யார் என்று மட்டும் போடவில்லை.

நானும் டாக்டரம்மாவும் மதுரையில் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஒரு ஆபீஸில் அது இங்கே இல்லை என்றார்கள். அடுத்த ஆபீஸில் அங்கேதானே என்றார்கள். டாக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் சமயநல்லூர் ஆஸ்பத்திரி வாசலில் எந்த ஊர் ஆள் வந்து நின்றதோ, யார் கண்டது. கடைசியாக ஒரு கிளார்க்குதான் எங்களை நிறுத்தி நாலு வார்த்தை பேசினார். நல்ல மனுஷன், உண்மையிலேயே வருத்தப்பட்டார்:

“இருக்குற சாமானை இருக்குன்னு எழுதிக் குடுக்கலாம். இல்லாததை இல்லைன்னு நான் எதப் பாத்துய்யா எழுதுறது?”

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது

ஆயுத பூஜை அன்றைக்கு மனுஷனுக்கு மனசு இளகியிருக்கும் என்று கணக்குப் போட்டு ரைஸ்மில்லுக்குப் போனேன். பச்சை வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். ஓடாத வண்டி எப்படி ஏறும்? மில் ஆட்கள் எட்டுப் பேர் பின்னால் நின்று தம் பிடித்துத் தள்ளினார்கள். பழம் நசுங்கியது. பெரியசாமி அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன். “அண்ணே, நிக்கிற வண்டிக்குப் பினியன் என்னத்துக்கு? டாக்டரம்மாவுக்குக் குடுத்தா ஊருக்கே உபகாரம்” என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற ஆள்தான். ஆனால் டில்லியில் ஆட்சி மாறிவிட்டது, இனி இறக்குமதி ரூலும் மாறிவிடும், புது இஞ்சின் வந்து இறங்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வண்டியின் முகப்பில் விழுந்த ஒரு பூவிதழைத் துண்டால் தட்டிவிட்டுச் சொன்னார்:

“கை ஒண்ணுக்கு, கால் ஒண்ணுக்குன்னு பிச்சுக் குடுத்துட்டா, ரூலு மாறுற அன்னைக்கு நான் எதடா ஓட்டுவேன்?”

லேத்தில் கடைந்த பினியன்

வேறு வழி இல்லாமல் லேத்துப் பட்டறை காதர் பாயிடம் போனேன். பழைய லாரி ஆக்ஸிலை அறுத்து, தேய்ந்த பினியனைப் பார்த்துப் பார்த்து ஒரு ஜோடி கடைந்து கொடுத்தார். கொடுக்கும்போதே, “உருவத்துக்குத்தான், சோலை, இது பினியன். இதோட உசுருக்கு நான் ஜவாப்தாரி இல்ல” என்று கையை விரித்துவிட்டார்.

அதை மாட்டினேன். வண்டி ஓடியது, ஆனால் ஊளையிட்டுக்கொண்டே ஓடியது. ரெண்டு வயல் தாண்டிக் கேட்கும். கிராமத்து ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. சத்தம் கேட்டாலே டாக்டரம்மா வாராக என்று வெந்நீர் போட ஆரம்பித்துவிடுவார்கள். காதர் பாய் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். என்றைக்கு வேண்டுமானாலும் பல் உடையும், உடைந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், மெதுவாகத்தான் போக வேண்டும் என்றேன். அவர் பெட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“நிக்கிற நல்ல வண்டிய வச்சு நான் என்ன செய்ய தம்பி? எனக்கு ஓடுற நொண்டி வண்டி போதும்.”

சத்தம் வரவில்லை

சித்திரை மாத மத்தியானம். மேற்கே ஒரு கிராமத்திலிருந்து தலைச்சன் பிரசவம் என்று ஆள் வந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா மெதுவாகப் போகவில்லை. யார்தான் போவார்கள்? ரைஸ்மில்லைத் தாண்டியதும் பினியன் உடைந்தது. பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கொண்டு, வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பாலத்துச் சுவரில் இடித்து நின்றது. முன்பக்கம் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டமே, வளைந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு நெற்றியில் வெட்டு. சேலைத் தலைப்பால் அதை அழுத்திக்கொண்டு, மில்லுக்குத் திரும்பி நடந்தார்.

மில் லாரி நெல் ஏற்றப் போயிருந்தது. பெரியசாமி அண்ணன்தான் மாட்டு வண்டியைப் பூட்டச் சொல்லி, தானும் ஏறிக்கொண்டு போனார். வெயிலில் மாடு எம்புட்டுத்தான் ஓடும்? போய்ச் சேர்ந்தபோது தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். இதெல்லாம் அவர் என் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. செத்தவளின் புருஷன் சின்ன வயசுப் பையன்தான், அழக்கூட இல்லையாம். டாக்டரம்மாவையும் இவரையும் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னானாம்:

“வண்டிச் சத்தம் வருது வருதுன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேம்மா.”

கழட்டு

சொல்லி முடித்துவிட்டுப் பெரியசாமி அண்ணன் ஸ்பானர் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். அப்புறம், “வந்து கழட்டு” என்றார். நான் வெள்ளை வண்டி இனிமேல் எழுந்திருக்காது, சேஸிஸ் போய்விட்டது, பினியன் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்றேன். அதன் இஞ்சினுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஆசைப்பட்ட மாதிரியே அந்த இஞ்சின் இப்போது சும்மா கிடந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார், அந்த இஞ்சினை என் வண்டியில் ஏற்று, வண்டியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விடு என்று.

கியர், பிரேக்கு என்று மாற்றினால் எவனும் கேட்க மாட்டான். இஞ்சினில் நம்பர் அடித்திருக்கும். மாற்றினால் ஆர்.சி. புக்கில் திருத்த வேண்டும். சீமை இஞ்சினாக இருந்தால், அதற்கு வரி கட்டியிருக்கிறது என்று சுங்க இலாகாவின் காகிதமும் வேண்டும். வெள்ளைக்கார டாக்டர் அதை எங்கே வைத்தாரோ, அவரோடு கப்பலேறிப் போனதோ. அவருக்கு எழுதிப் போடுவோம், பதில் வந்த பிறகு ஓட்டலாம் என்று நான் இழுத்தேன். பெரியசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்:

“ரூலு மாறும்னு நான் காத்துக்கிட்டு இருந்தது போதும்டா. நீ மாட்டு.”

ஓட வைத்த குற்றம்

பச்சை வண்டி, வெள்ளை வண்டியின் இஞ்சினோடு சத்தமில்லாமல் ஓடியது. அந்த ஆடியும் ஆவணியும் டாக்டரம்மா போகாத கிராமம் இல்லை. ஒரு பெண்ணைப் பின் சீட்டிலேயே படுக்கவைத்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார். பெரியசாமி அண்ணன் வண்டி போகும்போது மில் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார். ஒருநாள்கூட அதில் ஏறி உட்காரவில்லை.

புரட்டாசியில் போலீஸ்காரர்கள் ரோட்டில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். புக்கில் ஒரு நம்பர், இஞ்சினில் ஒரு நம்பர். நான் ஓடினேன், பெரியசாமி அண்ணன் ஓடினார். இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரவைத்து, எல்லாவற்றையும் கேட்டார். கடத்தல் இஞ்சின் இல்லை என்று அவருக்கும் தெரிகிறது. ஆனால் இல்லை என்று காட்டக் காகிதம் வேண்டுமே. வண்டியை ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினார்கள். பெரியசாமி அண்ணன் கேட்டார், “எட்டு வருஷமா ஷெட்டுல நின்னுச்சுங்க, அப்பல்லாம் ஒருத்தரும் வந்து கேக்கலியே.” இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்:

“நின்ன வரைக்கும் ஒரு தப்பும் இல்லய்யா. ஓட வச்சீக பாருங்க, அதான் கேஸு.”

பஸ் ஸ்டாப்பில்

கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. மழையில் வண்டியின் தரை இற்றுப்போய், டயர் மண்ணில் இறங்கி, பச்சை எது, துரு எது என்று தெரியாமல் போயிற்று. பெரியசாமி அண்ணன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். நான் மட்டும் வாய்தாவுக்கு வாய்தா போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். எரிச்சல் எரிச்சலாக வரும். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியாது.

அப்படி ஒருதரம் திரும்பும்போது சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் டாக்டரம்மா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் அந்தத் தழும்பு. கூடவே வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள், தோளில் துண்டு, கிழக்கேயும் மேற்கேயும் பார்த்துப் பார்த்துக் காலை மாற்றிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டிக்கு வலி கண்டுவிட்டது. பஸ் எப்போது வரும் என்று என்னிடமே ரெண்டு தடவை கேட்டான். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்காத மாதிரி மெல்லச் சொன்னார்:

“இனிமே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பஸ் டயம் பாத்துத்தான் பொறக்கச் சொல்லணும் தம்பி.”

கடல் தாண்டி வந்த வண்டிக்குச் சமயநல்லூரைத் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை, சீமைக் கார் தொழில் என்பது அம்புட்டுத்தான்.