குடை விரித்தவர்

அந்நாளில் மலாயாவில் எங்கள் ரெம்பாவ் ரப்பர் தோட்டத்துக்குத் தபால் கொண்டுவந்தவர் ஒல்லியானவர். கக்கத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிவிட வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அவரும் மடக்குவார்.

ஒருமுறை அவரோடு பட்டணம் போயிருந்தேன். மைதானத்தில் வெள்ளைக்கார ராஜாவின் வெண்கலச் சிலை தென்னை உயரத்துக்கு நின்றது. அவர் குடையை விரித்துக்கொண்டு அதை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மழையும் இல்ல, வெயிலும் இல்ல. எதுக்குண்ணே குடை?" என்றேன்.

"துரைக்கெல்லாம் பெரிய துரை இவருதான்லா. இவரே ஒண்ணும் சொல்லல, பாத்தியா?"

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வாசலில் துரையின் கார் வந்தது. தபால்காரர் குடையை மடக்கி, நனைந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

துரைமார் எல்லாம் போய்விட்டார்கள்; இப்போது மடக்கச் சொல்ல யாருமில்லை. ஆனாலும் அவரைப்போலக் குடை விரிக்க எனக்கு வரவில்லை.