ஹில்டா டீச்சரின் பெயர் போடாத தாள்கள்

ஹில்டா ரத்னாவதி 1969 மார்ச் 9 அன்று பம்மலில் பிறந்தார். சேலையூரில் ஒரு பள்ளியில் இருபத்தேழு ஆண்டுகள் இசை ஆசிரியை. கேம்ப் ரோடு பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் பென்சிலால் சுரம் எழுதுவார். எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். சபையின் பாடகர் குழுவுக்காக, நான்கு குரல்களுக்கு, முப்பத்தெட்டு பாட்டுகள் இயற்றினார். ஒவ்வொன்றும் முதலில் பாடப்பட்ட தேதி குழுவின் பதிவேட்டில் இருக்கிறது.

பாடகர்களுக்குக் கொடுத்த தாள் எதிலும் அவர் பெயர் கிடையாது. இறந்துபோன ஜெர்மானிய இசையமைப்பாளர்களின் பெயரைப் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டோடு போடுவோம். ஆர்கன் முன் உயிரோடு உட்கார்ந்திருப்பவர் பெயரைப் போட்டால் அது மனிதப் பெருமையாம். "மகிமை கர்த்தருக்கே" என்று மட்டும் போடுவோம். அந்த வெட்கங்கெட்ட வழக்கப்படி தாள்களைத் தட்டச்சு செய்த செயலாளர் நான்தான்.

2024 ஆகஸ்டில் சபையின் நூற்றாண்டுப் பாட்டுப் புத்தகம் அச்சானது. பைபிளின் நூற்றுமுப்பதாம் சங்கீதத்துக்கு ஹில்டா போட்ட மெட்டும் அதில் இருந்தது. ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் போகும் பாட்டு. 2009இல் அதைப் பிடிக்க, ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. கீழே அச்சாகியிருந்தது: "பழைய மெட்டு. இயற்றியவர் தெரியவில்லை. தொகுத்தவர்: ஆஸ்டின்." அந்த டெனர்களில் ஒருவர்தான் ஆஸ்டின். இப்போது குழுவை நடத்துகிறார்.

பதிவேட்டோடு கமிட்டிக்குப் போனேன். ஹில்டாவும் வந்தார்.

"தாள்ல பேரே இல்லையே அங்கிள், நான் என்ன பண்றது?" என்றார் ஆஸ்டின்.

"பதினஞ்சு வருஷமா என் பக்கத்துல நின்னு பாடறீங்க ஆஸ்டின். நான் செத்துட்டேன்னு நினைச்சீங்களா?" என்றார் ஹில்டா. "செத்திருந்தாலாவது வருஷத்தோட பேர் போட்டிருப்பீங்க."

ஆயர் வேதசிரோமணி சிரித்தார். "விடுங்க சிஸ்டர். பரலோகத்துல உங்க பேர் எழுதியிருக்கு."

"அங்க எழுதினவருக்கு என் இனிஷியல் வரைக்கும் தெரியும் ஐயா. இங்க பிரிண்ட் பண்ணவங்களுக்குத்தான் தெரியல."

திருத்தச் சீட்டு ஒட்டலாம் என்றேன். ஐந்நூறு பிரதியில் ஒட்டினால் அசிங்கமாக இருக்குமாம். பொய் அழகாக இருக்கிறது போலும்.

"அப்போ நூற்றாண்டு ஆராதனையில அந்தப் பாட்டைப் பாடாதீங்க. பாடினா நான் வாசிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹில்டா எழுந்து போனார்.

பாடினார்கள். ஆர்கனில் வேறு ஒருவர். இரண்டாம் பக்கம் திருப்பியதுமே டெனர் ஒரு வழி, கீழ்க்குரல் பேஸ் ஒரு வழி. ஆஸ்டினின் கை மட்டும் தாளம் காட்டிக்கொண்டிருந்தது. 9.52க்குப் பாட்டு நின்றுவிட்டது.

ஹில்டா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கமிட்டி, பாடகர்கள், ஆயர் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைத்தான் பார்த்தார்கள். இயற்றியவர் யாரென்று தெரியாதாம்! ஆஸ்டின் ஆர்கன் பக்கம் கையைக் காட்டினார்.

ஹில்டா எழுந்திருக்கவில்லை.