அந்தோணிக்கு அளவெடுத்த பெட்டி

நாடகத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, பிணமாக நடிக்க வேண்டியவர் இறந்துபோனார்.

யாங்கூனில் எங்கள் தமிழ் நாடகக் குழுவுக்கு நான்தான் ஸ்டேஜ் மேனேஜர். இன்சீன் ரயில்வே பட்டறையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் செட்டு, பிராப்பர்ட்டி எல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் எங்கள் டைரக்டர் ஸ்டெல்லா டீச்சர் அயர்லாந்துக் கிராமத்துக் கதை ஒன்றைத் தமிழில் எழுதியிருந்தார். செத்துப்போன விவசாயியை அடுக்களையில் கிடத்திவிட்டு, அவருடைய அண்ணனும் தம்பியும் வயலுக்காகச் சண்டை போடுவார்கள். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத இளவட்டங்கள் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் படித்தார்கள்.

பிணமாக நடித்தவர் கோ அந்தோணி; ‘கோ’ என்றால் பர்மியத்தில் அண்ணன். ஆறடிக்கு மேல் உயரம். அவரைத் தரையில் படுக்கவைத்து அளவெடுத்துத்தான் சவப்பெட்டியைச் செய்தேன். பக்கப் பலகையில் ஒரு ஓட்டை விட்டேன். அண்ணன் தம்பி பார்க்காதபோது அதன் வழியே பிணத்தின் கை வந்து சாராயக் கிளாஸை எடுக்கும். ஒத்திகை இடைவேளையில் மனிதர் அதற்குள்ளேயே குறட்டை விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் அவர் மனைவி மேரி ஒத்திகை ஹாலுக்கு வந்தார்.

“அண்ணே, கடையில இருக்கிற பெட்டி எதுவும் அவருக்குப் பத்தல. கால மடக்கணும்ங்கிறாங்க. நீங்க செஞ்சது அவரு அளவுதானே?”

“அது நாடகத்துக்குச் செஞ்சதும்மா. வெறும் பிளைவுட்டு.”

“பரவால்ல. கால நீட்டிப் படுக்கட்டும்.”

அடியில் ரீப்பர் கட்டை கொடுத்துப் பலப்படுத்தினேன். ஓட்டை மேல் பலகை வைத்து ஆணி அடித்தேன். பக்கத்தில் நின்ற மேரி, “நல்லா அடைங்கண்ணே. அங்கயும் கைய நீட்டுவாரு” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அடக்கம் முடிந்ததும், நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றேன். டீச்சர் மேரியிடம் போய்க் கேட்டார்.

“அவருக்கு வசனமே கிடையாது டீச்சர். ஆனா எல்லாரோட வசனமும் மனப்பாடம். வீட்ல தெனம் சொல்லிக் காட்டுவாரு. போடுங்க.”

வேறு ஆள் கிடைக்காததால் நானே பிணமானேன். பெட்டிக்குப் பதில் மேசை. ஒரே ஒரு வசனத்தை மட்டும் வெட்டச் சொன்னேன். நாடகத்தில் வரும் பக்கத்து வீட்டுக்காரி பிணத்தைப் பார்த்து, “இந்த மனுஷன் இவ்வளவு நேரம் வாய மூடி நான் பார்த்ததே இல்ல” என்பாள். அந்தோணியும் வாய் ஓயாதவர்; மேரி முன்வரிசையில் இருக்கும்போது அது வேண்டாம் என்று நினைத்தேன். டீச்சரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு மேடையில் அந்த வேடம் போட்ட பெண் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்.

ஹாலில் சத்தமே இல்லை. கண்ணை மூடிக் கிடந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. மேரியின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல் இருமி, மறுபடியும் சிரித்தார். பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். என் கண்ணீர் காதோரம் வழிந்தது. துடைக்க வழியில்லை.

நாடகம் முடிந்ததும் மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எதுக்குண்ணே? ஒம்பது நாளா எல்லாரும் எங்கிட்ட மெதுவாவே பேசுறாங்க. அவரு எப்படி இருந்தாருன்னு யாரும் சொல்றதில்ல. இன்னைக்குத்தான் ஒருத்தி சொன்னா.”

புதிதாக மேடை வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். துக்கத்தில் இருப்பவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. அந்த வசனத்தை வெட்டுவதற்கு முன் நான் மேரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.