மான் கடித்த வட்டம்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், பிறகு பார்ப்போம் என்று விடுவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. மான் கதை என்றால் சிரிப்பார்கள், சாமி கதை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள் என்ற பயம்தான். இன்றைக்குக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. முன் அறையை வாடகைக்கு விடுவது வழக்கம். அந்த முறை வெருகலில் இருந்து ஒரு பிள்ளை வந்து தங்கினாள். கணித ஆசிரியையாகப் புதிதாக நியமனம் கிடைத்திருந்தது. அடுத்த நாள்தான் முதல் வகுப்பு, ஆறாம் ஆண்டுக்கு. முதல் பாடம் வட்டம்.

பாவம், அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பில் அவளுக்குக் குரல் அடைத்துப்போய், பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு ஆட்களுக்கு முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நிறம் நிறமாகப் பிறிஸ்டல் மட்டை என்கிற தடித்த தாளில் வட்டங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் தான் பேச வேண்டியதை எழுதியிருந்தாள். அதைப் பார்த்து வாசித்தாவது முதல் நாளைக் கடந்துவிடலாம் என்று நினைத்தாள். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, ஓரங்களுக்குப் பளபளப்புத் தாளும் ஒட்டி, விறாந்தையில் பாய் விரித்துக் காயவைத்தாள்.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். கோட்டைப் பக்கமிருந்து இறங்கி, கடைவாசல், பஸ் நிலையம் என்று மாடு மாதிரி உலாவும். தாளும் தின்னும், பழத்தோலும் தின்னும். அதனால் கேற்றைப் பூட்டாமல் நாங்கள் ஒன்றும் வெளியில் வைக்க மாட்டோம். அவளுடைய ஊரிலோ மான் மனிதரைக் கண்டால் காட்டுக்குள் ஓடிவிடும். அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் உச்சிப் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வெயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிய சத்தம் நெடுநேரம் காற்றில் நின்றது. கேற்று திறந்திருந்தது. விறாந்தையில் ஒரு புள்ளிமான், வாயில் மஞ்சள் வட்டத்தோடு, சூரியனைக் கவ்விக்கொண்டு நிற்பதுபோல என்னைப் பார்த்தது. எனக்கு விரட்டத் தோன்றவில்லை. கை தானாகக் கூப்பிக்கொண்டது. வட்டத்தைக் கீழே போட்டுவிட்டு, அது என்னைக் கடந்து மெதுவாக வெளியே போனது. அதற்குப் பிறகுதான் பாயைப் பார்த்தேன். மற்ற வட்டம் ஒன்றும் மிச்சமில்லை.

அறைக்குள் கண்ணயர்ந்திருந்த பிள்ளை எழும்பி வந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் திண்டிட்டுது அன்ரி. நான் நாளைக்குப் போகேல்ல. அப்பாவை வரச்சொல்லப் போறன். என்னால ஏலாது."

"அழாத மகள். சிவபெருமான் கையில வச்சிருக்கிற மான் அது. கூடாத சகுனமா வராது."

"சிவபெருமானிட மான் பிறிஸ்டல் மட்டை திங்குமா அன்ரி?"

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவருக்கு எதிலும் பகிடிதான்.

"அப்ப ஆறாம் ஆண்டுக் கணக்கு முதல்ல மானுக்குத்தான் ஏறியிருக்கு!"

"இஞ்ச, நீங்க வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ" என்று அதட்டினேன். பிள்ளை பையில் உடுப்புகளை வைக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் கீழே கிடந்த மஞ்சள் வட்டத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் பெரிதாகக் கடிபட்டு, பின்னால் எழுதியதெல்லாம் எச்சிலில் ஊறி அழிந்திருந்தது. "இதுக்கு இனி நடுவும் இல்லை, ஒண்டும் இல்லை. குப்பையில போடுவம்" என்றார்.

"நடு இருக்கு அங்கிள்."

"எங்க இருக்கு? அது மானின்ர வயித்துக்க."

"இல்லை, இஞ்ச தாங்கோ!"

வெடுக்கென்று வாங்கினாள். மிஞ்சியிருந்த வளைந்த ஓரத்தை அதே ஓரத்தின்மேல் பொருந்தும்படி மடித்து, நகத்தால் அழுத்தி விரித்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு மடிப்பு. இரண்டு கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன. "இதுதான் நடு. ஓரத்தில கொஞ்சம் மிஞ்சினாப் போதும், நடுவைப் பிடிக்கலாம்" என்றாள். மட்டையைப் பழைய பேப்பரின்மேல் வைத்து, அந்த இடத்தில் ஊசியைக் குத்தி, நூலில் பென்சிலைக் கட்டிச் சுற்றினாள். பென்சில் மிஞ்சிய ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போய், கடிபட்ட இடத்தைப் பேப்பரில் வரைந்து நிரப்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கு என்றால் அடிதான் ஞாபகம் வரும். அன்றைக்கு அந்தக் கோடு வந்து சேர்ந்தபோது, கோயிலில் திரை விலகின மாதிரி இருந்தது எனக்கு.

"அட, மானையே ஏமாத்திட்டீங்களே டீச்சர்!" என்றார் இவர்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது: இவ்வளவு நேரமும் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு திக்கலும் இல்லாமல் பாடமே நடத்தியிருக்கிறாள். அவளுக்கும் அது விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் கடிபட்ட வட்டத்தையும் நூலையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்றைக்குச் சமையலில் கை ஓடவில்லை. பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆர் டீச்சர் இதைக் கடிச்சதெண்டு கேட்டாங்கள் அன்ரி. மான் எண்டன். ஒரு பிள்ளை எழும்பி, 'என்ர பாடக் கொப்பியையும் திண்டது டீச்சர், அதுக்கு இப்ப எல்லாப் பாடமும் தெரியும்' எண்டு சொல்ல, வகுப்பே சிரிச்சுது."

"ஐயோ, பிறகு?"

"நானும் சிரிச்சனான் அன்ரி. பிறகு எல்லாரும் நடுவைக் கண்டுபிடிச்சாங்கள்."

அந்தப் பிள்ளை இப்போது வேறு ஊரில் படிப்பிக்கிறாள். இந்தக் கதையோ எங்கள் பக்கத்தில் வாய்க்கு வாய் மாறிவிட்டது. மான் பேசியது என்கிறார்கள், நான் கண்டது கனவு என்கிறார்கள். இதை யாருக்காவது சொல்வதென்றால் தயவுசெய்து நடந்தபடியே சொல்லுங்கள்: ஒரு மான் பசித்துத் தின்றது, மிஞ்சியதில் ஒரு பிள்ளை நடுவைக் கண்டுபிடித்தாள். அதற்கு மேல் ஒரு அற்புதமும் சேர்க்க வேண்டாம். பிற்காலத்தில் எல்லாம் போய்விட்டது என்று நான் இடிந்துபோய் இருந்த நாட்களில், மடித்துப் பார்க்க இன்னும் ஓரம் இருக்கிறது என்று கடவுள் என்னை எழுப்பிவிட்டது நடந்த இவ்வளவை வைத்துத்தான்.