மணல் நிரப்பிய மிதவை விளக்கு

கிருஷ்ணகிரி ஜமீர் அகமதுவும் மூக்கண்டப்பள்ளி மாரிசாமியும் ஒரே சரக்குக் கப்பலில் தளவேலை பார்க்கும் கலாசிகளாக இருந்தார்கள். ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்பதால் சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒன்றாகத்தான்.

1954 மழைக்காலம். கொழும்பைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்தில், மேல்தளத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாரிசாமியை ஓர் அலை அடித்துக் கடலில் தள்ளியது. ஜமீர் ஓடிப்போய் மிதவை வளையத்தை எறிந்தார். அதில் ஒரு தகர டப்பா விளக்கு கட்டியிருக்கும். உள்ளே கார்பைடு கல்லும், தண்ணீர் பட்டதும் பற்றிக்கொள்ளும் பாஸ்பைடும். மூடியைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டால் தானே தீப்பிடித்து எரியும்; ஆள் கிடக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும். அன்று அது எரியவில்லை.

"ஜமீரு!" என்று ஒரு முறை குரல் கேட்டது. படகு இறங்குவதற்குள் இருட்டிவிட்டது. குரல் வந்த பக்கமெல்லாம் தேடினார்கள். மாரிசாமி கிடைக்கவில்லை.

விடிந்ததும் ஜமீர் மற்ற வளையங்களின் டப்பாக்களை உடைத்தார். எல்லாவற்றிலும் மணல். கலாசிகளை மேய்க்கும் சாரங்கு, கார்பைடை எடுத்துத் துறைமுகத்து விளக்குக் கடையில் விற்றிருந்தான்.

"சத்தம் போடாத. உனக்கும் பங்கு தரேன்" என்று தோளில் கை போட்டான். அந்தக் கையில் அத்தர் வாசனை. ஜமீர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போய்ச் சொன்னார். கேப்டன் டப்பாவை வாங்கி மணலைக் கடலில் கொட்டினார். "குடிச்சிட்டு விழுந்தான்னு எழுதியாச்சு. வேலையைப் பாரு."

மாரிசாமி கள்ளைக்கூடத் தொடாதவன்.

மதராசில் இறங்கியதும் ஜமீர் வேலையை உதறிவிட்டு நேராக மூக்கண்டப்பள்ளி போனார். கப்பல் கம்பெனி எழுதிய பொய் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"குடிச்சிட்டா விழுந்தாரு, பாய்? ஊரே சிரிக்குது" என்றாள் மாரிசாமியின் மனைவி சாந்தம்மா.

"பொய்யிம்மா" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார்.

"இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

கோயில் முன்னால் ஊராரிடம், சாரங்கு பங்கு பேசியது உட்பட எல்லாவற்றையும் தமிழிலும் தெலுங்கிலும் சொன்னார். கேட்டு முடித்த மாரிசாமியின் அண்ணன் கங்கப்பன், "அந்தப் பங்குல உனக்கு எவ்ளோ பாய்?" என்று இளித்தான். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். ஜமீர் காறித் துப்பிவிட்டு எழுந்தார். சாந்தம்மா மட்டும் அழுதுகொண்டே கும்பிட்டாள்.

சாரங்கை யாரும் வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஜமீர் பக்கத்து ஊரான ஜூஜுவாடியில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தார். மறு வருஷம் கப்பலுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு அங்கேயே தேடி வந்தான்.

"அந்த அத்தர் நாத்தத்துக்கு இனி நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜமீர் அடுத்த மூட்டையைத் தூக்கினார்.